எதிர்ப்பக்கம் முதலில் பேசிய தெரேஸ் அக்கா

வாப்பா சாப்பாட்டுக்கு வரும் நேரம் அல்ல அது. கடையைப் பாதியில் விட்டு வந்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நடையிலேயே நின்று, "ஜொகரா, தெரேசு புள்ள மௌத்தாயிடுச்சும்மா" என்றார். சாவுக்கு எங்கள் ஜனத்தில் சொல்லும் சொல்லையே அக்காவுக்கும் சொன்னார். உம்மா அடுப்பிலிருந்த உலையை இறக்கி வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். குடல் காய்ச்சல் இறங்கிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று முந்தின நாள்தான் காரைக்கால் ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்திருந்தது.

நம் சமாதான வாசகர் குழு நடத்தும் நினைவுக் கூட்டத்தில் நான் பேச வேண்டும் என்று நொத்தேர் ஐயா கேட்டனுப்பினார். நான் கூட்டத்தில் பேசுகிறவள் அல்ல என்பது உங்களுக்கே தெரியும். எழுதித் தருகிறேன், யாராவது படியுங்கள் என்று சொல்லியனுப்பினேன். ஆனால் எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. இந்தக் குழுவில் தெரேஸ் அக்காவோடு அதிகம் இருந்தவள் நான்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. பத்திரம் பதியும் நொத்தேராக இருந்து ஓய்வு பெற்ற ஐயாவும் நண்பர்களும் தொடங்கிய இந்தக் குழு, ஆண்டுதோறும் இளவயதினர் சிலருக்கு 'அமைதிப் படிப்புத் துணை' தருகிறது. துணை பெற்றவர் வெளிநாடு ஒன்றை எடுத்துக்கொண்டு, அங்கே யாருக்கு யாரோடு சண்டை, அது ஏன் வந்தது, எப்படி நிற்கும் என்று ஓராண்டு படிக்க வேண்டும். பத்திரிகையும் புத்தகமும் பஸ் செலவும் குழு தரும். படித்ததை ஊர் ஊராகப் போய் ஜனங்களிடம் சொல்ல வேண்டும்.

சொல்வதற்கு நம்மிடம் ஒரு முறை உண்டு. முதலில் எழுபவர் எதிர்ப்பக்கத்தின் நியாயத்தைப் பேசுவார். அதில் கிண்டல் கூடாது. 'இது என் கருத்தல்ல' என்று முன்கூட்டிச் சொல்லவும் கூடாது. சொல்லிவிட்டால் ஜனங்கள் வேடிக்கையாகத்தான் கேட்பார்கள் என்பது ஐயாவின் எண்ணம். எதிர்ப்பக்கத்துக்காரரே வந்து உட்கார்ந்திருந்தாலும் 'நான் சொல்ல வந்ததும் இதுதான்' என்று தலையாட்டும்படி பேச வேண்டும். அவர் அமர்ந்த பிறகு இரண்டாமவர் எழுந்து நம் பக்கத்தைச் சொல்வார்.

தெரேஸ் அக்காவை நான் முதலில் பார்த்தது திருமலைராயன்பட்டினத்தில் எங்கள் வீட்டில்தான். இந்தோசீனாவில், சைகோன் நகரில் துணிக்கடை வைத்திருந்த என் பெரிய மாமா, பிரெஞ்சில் வந்த அரசாங்கக் காகிதம் ஒன்றை எங்களுக்கு அனுப்பியிருந்தார். அதைப் படித்துச் சொல்ல, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் தேறிய பெண் ஒருத்தியை வாப்பா காரைக்காலிலிருந்து கூட்டி வந்தார். சண்டை நெருங்கினால் கடையைக் காலி செய்ய நேரிடும் என்று காகிதத்தில் இருந்தது.

"பிரெஞ்சுக்காரன் ஜெயிச்சுட்டா கட தப்பிச்சிடும்ல?" என்று வாப்பா கேட்டார்.

கதவுக்குப் பின்னால் நின்ற என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. "ஜெயிச்சாலும் கடைக்கு வர்றதுக்கு ஆளு மிஞ்சணுமே வாப்பா."

அக்கா திரும்பிப் பார்த்தார். "யாருங்க பாய் அது உள்ள?"

"எம் மவதாம்மா. வயசுக்கு வந்ததும் பள்ளியோடத்த நிறுத்தியாச்சு."

"பள்ளிக்கூடத்தத்தான நிறுத்துனீங்க? யோசனைய நிறுத்தலயே" என்று சொல்லிச் சிரித்தார். வாப்பாவும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வழி திறந்தது.

அக்கா அப்போதுதான் படிப்புத் துணைக்கு மனுப் போட்டிருந்தார். அவருடைய அண்ணன் அந்துவான் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகச் சேர்ந்து இந்தோசீனாவில், பிரெஞ்சுக்காரரை வெளியேறச் சொன்னவர்களோடு நடந்த சண்டையில் இருந்தார். அக்கா அந்த நாட்டை எடுத்ததற்கு அதுதான் காரணம். அதை அவர் மறைத்ததே இல்லை. "எங்கண்ணன் உசுரோட வரணும்னா சண்ட நிக்கணும். ஆனா தோத்துட்டோம்னு குமுறிக்கிட்டு வந்தா, அடுத்த சண்டைக்குத்தான் பொறப்படும். மனசு ஆறி வரணும்" என்பார்.

துணை கிடைத்ததும் அதை என்னோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். நொத்தேர் ஐயா யோசித்தார். "அந்தப் பொண்ணு எதுவரைக்கும் படிச்சிருக்கு?"

"நேத்து வந்த பேப்பர் வரைக்கும், ஐயா."

ஐயாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. ஒரு துணைக்கு இரண்டு பேர் என்று ஆனது. பத்திரிகைகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. நான் படித்துப் பிரித்து வைப்பேன். அக்கா வந்து உட்கார்ந்து என்னோடு வாதாடுவார், பிறகு வெளியே போய்ப் பேசுவார். என் கூச்சத்தை அவர் ஒரு நோயாக எண்ணவில்லை. பேசு பேசு என்று ஒருநாளும் தள்ளவில்லை. "பேசுறதுக்கு ஊரெல்லாம் ஆளு கெடக்கு. கேக்குறதுக்குத்தான் பஞ்சம். நீ கேளுடி. யாரு பேசலயோ அவங்க மூஞ்சியப் பாத்துக்க" என்றார். பள்ளிக்கூடம் நின்ற பிறகு என்னிடம் யாரும் ஒரு வேலையை இப்படி நம்பித் தந்ததில்லை.

இனி எங்கள் ஊர்க் கூட்டம். காரைக்கால் இந்தியாவோடு இணைவதற்கு முந்திய மாதங்கள் எப்படி இருந்தன என்று உங்களுக்கு நினைவிருக்கும். பிரெஞ்சுக்காரர் எப்போது போவார் என்பதே எல்லார் பேச்சும். அந்தச் சமயத்தில் எங்கள் தெருமுனைத் திடலில், பிரான்ஸ் இந்தோசீனாவை விட்டுப் போக வேண்டுமா என்று கூட்டம். முதலில் அக்கா எதிர்ப்பக்கம். இரண்டாவதாக நம் பக்கம் பேச வேண்டியவர் மணிவாசகம் அண்ணன். அவர் வீடு எல்லைக்கு அந்தப் பக்கம், இந்தியப் பகுதியில். பூவம் வழியாகச் சுங்கச் சாவடியைத் தாண்டித்தான் வர வேண்டும்.

அக்கா பேசினார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நானும் உம்மாவும் நின்று கேட்டோம். நாங்கள் போட்ட சாலை, நாங்கள் கட்டிய ஆஸ்பத்திரி, நாங்கள் போய்விட்டால் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வார்கள், எங்களை நம்பி எங்களோடு வேலை செய்தவர்களை யார் கையில் விட்டுப் போவது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அந்துவான் அண்ணன் விடுப்பில் வந்தபோது சொன்ன வார்த்தைகள் அவை. அவ்வளவு நன்றாக அவர் அதற்குமுன் பேசியதில்லை. முடித்துவிட்டு, மணிவாசகம் அண்ணன் எழ வேண்டிய இடத்தைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

பிறகு தெரிந்தது. அவர் ஒரு கட்டுப் பத்திரிகையோடு சாவடியில் மாட்டிக்கொண்டார். சுங்கக்காரர்கள் கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாக உதறிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

திடலில் சத்தம் ஏறியது. "பிரான்சுக்கே போயிடு!" என்று துணி வியாபாரி ஒருவர் கத்தினார்.

"அண்ணன் வாங்குற சம்பளம் பேசுதுடா!"

"கொஞ்சம் இருங்க. இன்னும் ஒருத்தர் வரணும்" என்றார் அக்கா.

"வர்றது யாரு, கவர்னரா?"

எல்லாரும் சிரித்தார்கள். அன்று கைதட்டிய ஆள் ஒருவர்தான், காவலுக்கு வந்திருந்த பிரெஞ்சு அரசாங்கப் போலீஸ்காரர். அதுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. 'இது என் கருத்தல்ல' என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கூட்டம் அடங்கியிருக்கும். அவர் சொல்லவில்லை. கலைந்து போகிறவர்களைக் கடைசி ஆள் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாப்பா வீட்டுக்குள் வந்து, "நல்லாத்தான் பேசுச்சு. அதான் வம்பாப் போச்சு" என்றார்.

வம்பு பெரிதாகத்தான் ஆனது. சமாதானக் குழு பிரெஞ்சுக்காரனுக்கு வால் பிடிக்கிறது என்று கடைத்தெருவில் பேசினார்கள். நம் வாசகசாலைக்கு இடம் கொடுத்தவர் அறையைத் திருப்பிக் கேட்டார். ஐயா குழுவைக் கூட்டினார். நான் வாப்பாவோடு போய் உள்ளறையில் ஐயாவின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தெரேஸ் பேசியது அவருடைய கருத்தல்ல, வெறும் பேச்சுப் பயிற்சி என்று துண்டறிக்கை போட வேண்டும், அதில் அக்கா பெயர் போட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள்.

"ஒரு வரிதாம்மா" என்றார் ஐயா.

"வெறும் பேச்சுன்னு சொன்னா பொய்யின்னு ஆயிடும் ஐயா. எங்கண்ணன் அத மனசாரத்தான் சொல்லுது. அது சொல்றது தப்புன்னு நான் எத்தன ஊருல வேணும்னாலும் வாதாடுறேன். ஆனா அது பொய் சொல்லல."

"நீ கையெழுத்துப் போடலைன்னா துணையை நாங்க திருப்பி எடுத்துக்க வேண்டியிருக்கும்."

அக்காவின் துணை போனால் என்னுடையதும் போகும். பத்திரிகை வருவது நிற்கும், வாதாட அவர் வருவது நிற்கும். நான் பழையபடி கதவுக்குப் பின்னால் போக வேண்டியதுதான்.

"விழிதியூர்க் கூட்டம் முடியட்டும் ஐயா. அதுவும் கெட்டுப்போச்சுன்னா நானே விட்டுர்றேன்" என்றார் அக்கா.

"சரி. ஆனா இனிமே நம்ம பக்கத்த முதல்ல பேசுங்க. எதிர்ப்பக்கம் பின்னால வரட்டும்."

"நம்ம பக்கத்தக் கேட்டுட்டு ஜனங்க வூட்டுக்குப் போயிடும் ஐயா. எதிர்ப்பக்கத்த மாடுதான் கேக்கும்."

யாரோ சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. ஆனாலும் இந்த ஒருமுறை பழைய முறையே இருக்கட்டும் என்று விட்டார்.

விழிதியூரில் அறுவடை முடிந்து களம் காலியாக இருந்தது. பொழுது சாயும் நேரம். மணிவாசகம் அண்ணன் இந்தத் தடவை முந்தின நாளே வந்து தங்கிவிட்டார். கையில் ஒரு தாள்கூட இல்லை. அதே போலீஸ்காரரும் வந்திருந்தார். நல்ல பேச்சு கேட்கலாம் என்று முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டார். நான் பெண்கள் நடுவில் இருந்தேன்.

அக்கா எங்கள் பட்டினத்தில் பேசியதையே பேசினார். ஒரு வார்த்தையும் குறைக்கவில்லை. முடித்ததும் மணிவாசகம் அண்ணன் எழுந்தார். அக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காருங்கண்ணே." பிறகு ஜனங்களைப் பார்த்து, "நான் சொன்னதுக்கு நீங்க பதில் சொல்லுங்க. தப்புன்னா தப்புன்னு சொல்லுங்க, எங்க தப்புன்னும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் களத்து மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

இது யாரும் முன்கூட்டிப் பேசி வைத்ததல்ல. ஐயாவின் முகம் வெளுத்தது.

கடைசியில் ஒரு அம்மாள்தான் வாயைத் திறந்தார். "ஏம்மா, ரோடு போட்டுக் குடுத்தான், சரி. அதுக்காக வூட்டுக்குள்ள வந்து படுத்துக்கலாமா?"

களம் சிரிப்பில் குலுங்கியது. பின்னாலிருந்து ஒரு பெரியவர், "நாங்க போயிட்டா வெட்டிக்குவாங்கன்னு சொல்லுதே அந்தப் புள்ள, இருக்கையில மட்டும் என்ன கொஞ்சிக்கிட்டா இருக்காங்க?" என்றார். அப்புறம் யாரையும் நிறுத்த முடியவில்லை. ஆஸ்பத்திரியைப் பற்றி ஒருவர், சம்பளத்தைப் பற்றி ஒருவர். நாங்கள் பத்திரிகையில் படித்துச் சேர்த்த பதில்களில் பாதி அவர்கள் வாயிலிருந்தே வந்தது. மீதிப் பாதி எங்களுக்குத் தோன்றாதவை.

ஒருவர் மட்டும் எழுந்து, "எல்லாம் சரி. அவன நம்பி வேல செஞ்சவன் கதி என்னன்னு கேட்டுச்சே, அதுக்கு எனக்குப் பதில் தெரியல" என்றார்.

"எனக்கும் தெரியலங்க" என்றார் அக்கா. கூட்டம் அதையும் ஏற்றுக்கொண்டது.

கலையும்போது போலீஸ்காரர் நொத்தேர் ஐயாவிடம் போய்த் தலையைச் சொறிந்தார். "பேசுனவங்க பேர எழுதணும். எல்லாருமே பேசிட்டாங்க. நான் யாரு பேர எழுதுறது?"

"பிரான்ஸ் பக்கம் பேசுன பொண்ணு பேர எழுதிக்குங்க" என்றார் ஐயா. மணிவாசகம் அண்ணனிடம் திரும்பி, "நீ இனிமே எல்லை தாண்டி வர வேண்டியதே இல்ல போலிருக்கேப்பா" என்றார். அவ்வளவுதான். துண்டறிக்கையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. துணை எங்களிடமே இருந்தது. ஜனங்களே பதில் சொல்வது அன்றிலிருந்து நம் முறையாகிவிட்டது.

ஆனால் அன்றைய நாள் அதோடு முடியவில்லை. எல்லாரும் கொண்டாடுவது களத்தை. நான் கொண்டாடுவது அதற்குப் பிந்திய அரை மணி நேரத்தை. வண்டி ஊர் எல்லையைத் தாண்டும்போது அக்கா என்னிடம் கேட்டார்: "யாருடி பேசல?"

"வைக்கப்போரு பக்கத்துல வெள்ளச் சேல கட்டுன ஒருத்தங்க. எல்லாரும் சிரிச்சப்ப எந்திரிச்சுப் போயிட்டாங்க."

அக்கா வண்டியைத் திருப்பச் சொன்னார். வீட்டை விசாரித்துப் போனோம். அந்தப் பெண்ணின் கணவர் இந்தோசீனாவுக்குப் போய் அங்கேயே இறந்தவர். "எல்லாரும் சிரிச்சாங்க. எம் புருசன் வீணாப் போயிட்டாருன்னு சிரிச்சாப்ல இருந்துச்சு" என்றார் அவர். அக்கா அந்த வாசலில் உட்கார்ந்து, அவர் தம் கணவரைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கேட்டார். அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், சண்டையில் ஆள் பறிகொடுத்த வீடு உண்டா என்று கேட்டு அங்கே முதலில் போய்விட்டுத்தான் களத்துக்கு வருவார். களத்தில் சிரிப்பு குறைந்தது. பேச்சு குறையவில்லை.

அந்துவான் அண்ணன் சண்டை நின்ற பிறகு முழுசாகத் திரும்பி வந்தார். "நீ விழிதியூர்ல பேசுனதுனாலதான் சண்ட நின்னுச்சாமே?" என்று தங்கையைக் கிண்டல் செய்வார். "பின்ன? நீ சுட்டதுனாலயா நின்னுச்சு?" என்பார் அக்கா. அந்த வீட்டில் இருவரும் சாப்பாட்டு நேரமெல்லாம் வாதாடுவார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. தட்டில் மீனை மட்டும் மாற்றி மாற்றி வைத்துக்கொள்வார்கள்.

அக்காவிடம் குறை கண்டவர்களின் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். அவர் பிடிவாதக்காரர். அன்று ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் வாசகசாலை அறை நமக்குத் தங்கியிருக்கும், ஐயாவின் வீட்டுக் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருக்காது. யாரிடமும் கேட்காமல் களத்தில் உட்கார்ந்தது குழுவுக்குச் செய்த மரியாதை ஆகாது என்று ஐயா இன்றும் சொல்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அக்கா அப்படி உட்காராமல் இருந்திருந்தால் இந்தப் படிப்புத் துணை இன்று இருந்திருக்காது என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

மறுபடியும் துணை பெற்றுக் கடைசியாக அக்கா படித்துக்கொண்டிருந்தது அல்ஜீரியாவைப் பற்றி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "அங்க குடியேறுன பிரெஞ்சுக்காரங்க பக்கத்த நெஞ்சுல படுறாப்ல யாரும் எழுதலடி. தேடிப் பாரு" என்றார். தேடிக்கொண்டிருக்கிறேன். அக்காவின் துணையை நானே தொடரலாம் என்று குழு சொல்லியிருக்கிறது. நான் எழுதுவேன். மணிவாசகம் அண்ணன் பேசுவார். ஜனங்கள் பதில் சொல்வார்கள். இது நின்றுபோகாது.

அடக்கத்துக்குப் பிறகு நானும் உம்மாவும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தோம். முன்கட்டில் ஒவ்வொருவராகப் பேசினார்கள். போரை எதிர்த்து நின்ற பெண், பிரெஞ்சு ஏகாதிபத்தியத்துக்கு அஞ்சாத பெண் என்றார்கள். அன்று பட்டினத்தில் கத்திய துணி வியாபாரி மற்றவர்களைவிட உயர்த்திப் பேசினார். பாதியில் அந்துவான் அண்ணன் எழுந்து கொல்லைப்புறம் போனார். நான் பின்னாலேயே போனேன். ஆண்பிள்ளை ஒருவரிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை.

"நீங்க எதுவும் பேசலயேண்ணே."

கிணற்றைப் பார்த்தபடியே சொன்னார். "எல்லாரும் அவ பட்டாளத்துக்கு எதிரி எதிரின்னு சொல்றாங்க. கேக்கக் கேக்க, நான்தான் அவளுக்கு எதிரி மாதிரி இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பி, "நான் சொன்னதப் பொய்யின்னு எழுதிக் குடுக்கச் சொன்னாங்களாமே, அப்ப?"

"ஆமாண்ணே."

"குடுக்கல."

"குடுக்கல."

"அத யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாம்மா."

அதனால்தான் இதை எழுதினேன். தெரேஸ் அக்கா தம் அண்ணனின் கருத்தைக் கடைசிவரை எதிர்த்தார். அண்ணனைப் பொய்யர் என்று சொல்வதைவிடத் தமக்குக் கிடைத்த துணையை இழக்கவும் தயாராக இருந்தார். இரண்டும் ஒரே பெண் செய்தவை. இரண்டையும் சேர்த்துத்தான் நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறவருக்கு அவரைத் தெரியாது.

அந்துவான் அண்ணன் நினைவுக் கூட்டத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பின்வரிசையில்தான் உட்காருவார். இதைப் படிப்பவர் கொஞ்சம் உரக்கப் படியுங்கள். அவருக்கு ஏதாவது சொல்லத் தோன்றினால், மற்றவர்கள் பேசுமுன் முதலில் அவரைப் பேச விடுங்கள்.